அடுப்பு மூட்டாத சான்ட்விச்

சூரை மீன் சான்ட்விச்சுக்கு நேற்று வாங்கிய பாண்தான் சரி. சூடு ஆறாத பாணை வெட்டினால் கத்தியில் ஒட்டும், பட்டரைப் பூசினால் கிழியும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், ஒருவரும் கேட்பதில்லை. பின்னேரம் பாண் விற்கிற ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு தர்மபுரம் சந்தியால் திரும்பியதும் சுடச்சுட வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். பிறகு "கடையில செய்யிற மாதிரி வரேல்லை" என்று என்னிடம் வந்து முறைப்பாடு வைப்பார்கள்.

நான் இப்போது வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். இளவயதில் கொழும்பில் ஒரு சிற்றுண்டிக் கடையில் வேலை செய்தேன். காலையில் சான்ட்விச் அடுக்குவது அங்கே என் பொறுப்பாக இருந்தது. அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் சான்ட்விச் என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் சோறு கறி எல்லாம் அம்மாவினதும் மனைவியினதும் பாடு, சான்ட்விச் மட்டும் என் பாடு. அதில் வேறு ஒருவர் கைவைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முதலில் வெங்காயம். சின்ன வெங்காயத்தை இயன்றளவு பொடியாக வெட்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசைந்து வைத்துவிட வேண்டும். வெங்காயம் தன் காரத்தை விட்டுவிட்டுச் சாதுவாகும்வரை மீன் ரின்னைத் திறக்கக் கூடாது. பிறகு ரின்னில் உள்ள எண்ணெயை வடித்து, மீனைக் கையால் உதிர்த்து, வெங்காயத்தோடு சேர்த்து, பச்சை மிளகாயும் மிளகுத்தூளும் போட வேண்டும். ரின்னின் மேல் ஆங்கிலத்தில் டூனா என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உள்ளே கிடப்பது முல்லைத்தீவுக் கடலில் பிடிபடுகிற அதே சூரைதான்.

மீனைச் சேர்த்துப் பிடிக்க என்ன போடுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் ஓயாத சண்டை. அவளுக்கு மயோனைஸ் வேண்டும். எனக்கு அதன் இனிப்பு ஆகாது. மீனுக்குச் சீனி போட்டதுபோல் இருக்கும். நான் எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகு அதைப் போட்டுக் குழைப்பேன். வன்னியில் இருந்துகொண்டு எருமைத் தயிரை விட்டுவிட்டு மயோனைஸ் போத்தல் வாங்குகிறவரோடு எனக்குக் கதையில்லை. மனைவியோடு மட்டும் கதைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதனால் அவளுடைய துண்டுகளுக்கு மயோனைஸ் போட்டுக் கொடுக்கிறேன்.

இரண்டு துண்டுப் பாணிலும் கரைவரை பட்டர் பூச வேண்டும். பட்டர் பூசாத இடத்தால் ஈரம் இறங்கிப் பாண் சொதசொதவென்று போகும். அவித்த முட்டையை வட்டமாக வெட்டி நடுவே அடுக்கி மூடி, மேலே தட்டு ஒன்றைப் பாரமாகக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு வெட்ட வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடென்றால் கரட் துருவிப் போடலாம். மழை நாளென்றால் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிட்டுச் சாப்பிடலாம். எனக்கு எப்படியானாலும் முட்டை இருக்க வேண்டும். முட்டை இல்லாத சான்ட்விச்சை நானாக ஒருநாளும் செய்திருக்க மாட்டேன். அதைச் செய்ய வைத்தவர் என் மாமா, மனைவியின் தகப்பனார்.

மாமா பூநகரியில் இருக்கிறார். வயல் செய்கிறவர், கடலேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்து குடியேறியவர். என் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கலவரத்தில் அடிபட்டு, பிழைக்க வழி தேடி வன்னிக்கு வந்தவர்கள். இரண்டு பக்கமும் வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வந்தால் குடியேற்றம், நாங்கள் வந்தால் தோட்டக்காட்டார். மனைவி முன்பள்ளி ரீச்சராக இருந்தபோது அந்தக் கட்டடத்துக்கு நான்தான் வயரிங் செய்தேன். அப்படித்தான் பழக்கம். கலியாணத்துக்கு மாமா வரவில்லை. மாமி முன்னமே காலமாகிவிட்டார். கூடப் பிறந்தவர்களும் இல்லாததால், பிறந்த வீடு என்று மனைவிக்கு அவர் ஒருவர்தான் மிச்சம்.

கொஞ்சக் காலம் கதைபேச்சே இல்லை. பிறகு ஒருநாள் தானாகவே வந்தார். பூநகரியில் பஸ் எடுத்து, பரந்தனில் இறங்கிக் காத்திருந்து, முல்லைத்தீவுப் பஸ்ஸில் ஏறி வந்து சேர அரைநாள் போய்விடும். எங்களோடு இருக்கிற என் அம்மா கோழி அடித்துக் கறி வைத்து, பருப்பு, பொரியல், ரசம் என்று ஒரு கலியாண வீட்டுச் சமையலே செய்திருந்தார். மாமா விறாந்தைக் கதிரையில் இருந்தார். கையில் குடை, வெற்றிலைப் பை, ஒரு தண்ணீர்ப் போத்தல்.

"கைய கழுவிட்டு வாங்கண்ணே, சோறு ஆக்கியாச்சு" என்றார் அம்மா.

மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னார்: "நான் பரந்தனில சாப்பிட்டிட்டன் பிள்ளை. அவாவுக்குச் சொல்லு, கரைச்சல் படவேண்டாமெண்டு."

பரந்தனில் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. உதடு காய்ந்து கிடந்தது. கொண்டுவந்த போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடித்தார். மனைவி ஓடிப்போய்ச் சந்திக் கடையில் சோடா வாங்கி வந்து அவர் கண் முன்னால் மூடியைத் திறந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார் என்பது அந்தச் சோடாவோடு எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அம்மா அன்று சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யுத்தம் முடிந்த கையோடு அகதி முகாமில் கிடந்தபோது இதே மாமா எல்லோரோடும் வரிசையில் நின்று ஒரே கிடாரத்துக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்தான். கிண்டினது யார் கை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவர் போன பிறகு இதை மனைவியிடம் கத்திச் சொன்னேன்.

"அது வேறயப்பா" என்றாள்.

"என்ன வேற?"

அவள் அழுதாள். "அவர் வாறதே பெரிய காரியம். நீங்கள் ஏதும் சொல்லிப்போட்டியளெண்டால் பிறகு வரமாட்டார். எனக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு மாதம் ஒருக்கால் வந்தார். காலையில் புறப்பட்டு மத்தியானம் கழித்து வந்து சேர்வார், கடைசிப் பஸ்ஸுக்குப் போய்விடுவார். என்னைத் தம்பி என்பார். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பஸ் கொண்டக்டரும் அவருக்குத் தம்பிதான். அம்மாவோடு மட்டும் ஒரு வார்த்தை நேரே பேசமாட்டார். எதுவானாலும் "அவாவுக்குச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் போகும். அம்மாவும் வாசலில் நின்று "வாங்கண்ணே" என்று ஒருதரம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

ஒருமுறை அவர் வந்திருந்தபோது நான் வேலையால் பசியோடு வந்தேன். அன்று அம்மா கிளினிக்குக்குப் போயிருந்ததால் குசினியில் இன்னும் ஒன்றும் தொடங்கியிருக்கவில்லை. பாணையும் ரின்னையும் எடுத்துக்கொண்டு வந்து விறாந்தை மேசையில், அவருக்கு முன்னாலேயே, வெங்காயம் வெட்டத் தொடங்கினேன். கொஞ்சம் வேண்டுமென்றே செய்ததுதான். அவர் றோட்டைப் பார்ப்பதுபோல் இருந்தார், ஆனால் கண் ரின்னில்தான் நின்றது. தேசிக்காயை வெட்டியதும் தொண்டை ஏறி இறங்கியதைக் கண்டேன். விடிய வீட்டில் குடித்த தேத்தண்ணியோடு வந்த மனிசன்.

"மாமா, இது கடைப் பாண். மீன் ரின் மீன். வெங்காயம் பச்சை. இந்த வீட்டு அடுப்பு இன்னும் மூட்டேல்லை" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். எழும்பிப் போகட்டும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். வழக்கைக் கேட்ட நீதவானைப்போல் கொஞ்சம் யோசித்தார்.

"ஓம், அடுப்பு மூட்டேல்லைத்தானே" என்றார். "ஒரு துண்டு தாங்கோவன், பாப்பம்."

மனைவி எங்கிருந்து கேட்டாளோ தெரியாது, பின்பக்கம் ஓடி வாழையிலை ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் வீட்டுத் தட்டில் வைத்தால் அதுவும் ஒரு சிக்கல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இலையில் வைத்துக் கொடுத்தோம். இரண்டு சான்ட்விச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தன் போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினார்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அடுப்பில் வைத்த எதுவும் சான்ட்விச்சுக்குள் வரக் கூடாது. ஆகவே முட்டை இல்லை. தோசைக்கல்லில் முறுகவிடுவது இல்லை. கடையில் சட்டியோடு வாங்கிய தயிர் செல்லும், வீட்டில் பால் காய்ச்சி உறைய வைத்தது செல்லாது. இப்படி யாரும் வாயால் சொன்னதில்லை. அவர் பார்க்கிற பார்வையில் நாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டோம். நாங்கள் குடியிருக்கிற வீட்டில், நான் கையால் பிசைந்து கொடுப்பதைச் சாப்பிடுவார், எங்கள் நெருப்பில் வெந்ததைத்தான் தொடமாட்டார். தொழிலால் நான் கரண்டோடு மாரடிக்கிறவன். எந்த வயரில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இந்த வயர் எங்கே போய் முட்டுகிறது என்று மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

முட்டை இல்லாத குறையைச் சரிக்கட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளரிக்காயை விதை எடுத்து மெல்லிதாக வெட்டிப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் விட்டது. தக்காளி அதைவிட மோசம். மாங்காயைத் துருவிப் போட்டது நன்றாக வந்தது. சூரைக்கும் பச்சை மாங்காய்க்கும் அப்படி ஒரு பொருத்தம். மாமா அன்று மூன்று தின்றார். "உங்கட பாண் நல்லாயிருக்கு தம்பி" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. உள்ளே குசினியில் அம்மா தன்னுடைய கறிச்சட்டியை மூடி வைத்துவிட்டு, அவர் போகும்வரை வெளியே வராமல் இருந்தார்.

இனி நான் உண்மையிலேயே விரும்புகிற சான்ட்விச்சைச் சொல்கிறேன். அதில் ரின் கிடையாது. முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரரிடம் பச்சைச் சூரை வாங்க வேண்டும். அதை அம்மா துண்டு போட்டு, பழப்புளிக் கரைசலில் உப்பும் மஞ்சளும் நொறுக்கின மிளகும் போட்டு, தண்ணீர் வற்றும்வரை மண்சட்டியில் அவிப்பார். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், மலிவாகக் கிடைத்த மீனை இரண்டு மூன்று நாளைக்குக் கெடாமல் வைத்திருக்க அம்மாவின் வீட்டார் செய்த முறையாம். ஆறிய பிறகு முள்ளை எடுத்து உதிர்த்தால், ரின் மீன் கிட்டவும் நிற்காது. தயிர்கூடத் தேவையில்லை, பட்டரும் வெங்காயமும் போதும்.

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் செய்தோம். விடாத மழை. றோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளம் நின்றது. இந்த மழைக்குள் மாமா வருவார் என்று மனைவியும் எதிர்பார்க்கவில்லை. அம்மா மீனை அவித்துத் தந்தார், நான் உதிர்த்துக் குழைத்துப் பாணில் வைத்து மூடி மேசையில் அடுக்கினேன். முட்டையும் போட்டேன், எங்களுக்குத்தானே. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் மாமா படியில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

பரந்தனில் பஸ் வராமல் நெடுநேரம் நின்றிருக்கிறார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. போத்தல் வெறுமையாக இருந்தது. மனைவி துவாய் கொடுத்தாள். அவர் தலையைத் துடைத்தபடி கதிரையில் இருந்தார், தட்டில் அடுக்கியிருந்ததைக் கண்டார், வழக்கம் பழகிவிட்டதால் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். இலை வருவதற்கும் காத்திருக்கவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். இவர் இதைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு அறிந்தால், ஏமாற்றி ஊட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். அத்தோடு வரவு நின்றுவிடும். அவள் எண்ணியது அதுதான். சொல்லத்தான் வேண்டும் என்று நான் வாயெடுத்தேன்.

"மாமா, இண்டைக்கு..."

அதற்குள் அவர் கடித்துவிட்டார். இரண்டாவது கடியில் வாய் நின்றது. நாக்கால் துழாவி, விரலால் எடுத்து, முன்னால் பிடித்துப் பார்த்தார். முள். நான் எடுக்கத் தவறிய ஒன்று.

சூரை ரின்னில் முள் வராது. மற்ற ரின் மீனில் வந்தாலும் விரலுக்குள் வைத்து நசித்தால் மாவாகிப் போகும். இது நசியவில்லை. அவர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒருக்கால் அழுத்திப் பார்த்தார், பிறகு இன்னொருக்கால். பூநகரியில் பிறந்த மனிசனுக்கு முள்ளைப் பற்றி நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாணைத் திறந்து பார்த்தார். உள்ளே முட்டை மஞ்சளும் வெள்ளையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

மாமா பாணை மூடினார். முள்ளை மேசையின் ஓரத்தில் வைத்தார். மிச்சத்தைச் சாப்பிடத் தொடங்கினார். அவசரப்படவில்லை. முழுவதையும் சாப்பிட்டு, இன்னொன்றை எடுத்து அதையும் பாதிவரை சாப்பிட்டார். அம்மாவின் மிளகு அப்போதுதான் வேலையைக் காட்டியது. கண்ணில் தண்ணீர் வந்து இருமினார். போத்தலை எடுத்தார், அது வெறும் போத்தல். மனைவி சோடா வாங்குவதற்குக் குடையைத் தேடினாள்.

"நில் பிள்ளை" என்றார். பிறகு குசினி வாசலைப் பார்த்து, இந்தப் பிறவியில் முதல் தடவையாக அம்மாவோடு நேரே பேசினார். "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்கோ."

அம்மா உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அண்ணாந்து ஊற்றவில்லை. விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். "இன்னும் ஊத்தவாண்ணே?" என்று அம்மா கேட்க, டம்ளரை நீட்டினார்.

எனக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மனிசன் இவ்வளவு காலம் எடுக்க வேண்டுமா? மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அம்மா சாப்பிடாமல் கிடந்த அந்த நாள் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபோது, வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தது. மாமாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளத்தைப் பற்றி, பயிர் அழுகிவிடும் என்பதைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பினார். போகும்போது மட்டும் "முள்ளைப் பாத்து எடுக்கோணும் தம்பி" என்றார்.

அம்மாவும் அவர் போன பிறகு அதையேதான் சொன்னார். "கண்ணு பிடரியிலயாடா இருக்கு? தொண்டையில மாட்டியிருந்தா என்னாகும்?" என்று ஏசிவிட்டு, அந்த டம்ளரைக் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார்.

அடுத்த மாதம் மாமா மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டார். விடிய முதல் பஸ்ஸை எடுத்திருக்கிறார். நான் வேலிக்கரையில் நின்று அவர் றோட்டால் நடந்து வருவதைப் பார்த்தேன். ஒரு கையில் குடை இருந்தது. மற்றக் கையில் வெற்றிலைப் பை. தண்ணீர்ப் போத்தலைக் காணவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் அதைக் கண்டார். குசினிக்குள் போய் உலையில் இன்னொரு சுண்டு அரிசியைப் போட்டார்.